ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3: ஜிப்ஸி சேசிஸ் மீது ஏற்றலாமா, பழைய சேசிஸையே சீரமைக்கலாமா?

ஈரோடு ஹெரால்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா வாங்கி ஓட்டிய 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு வண்டி, பல ஆண்டுகளாக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதை மறுபடியும் சாலையில் ஓடும் வண்டியாக்க வேண்டும் என்பது என் விருப்பம். கண்காட்சிக்கு மட்டும் கொண்டுபோகும் வண்டியாக அல்லாமல், வாரத்துக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு கோவை வரை போய்வரக்கூடிய வண்டியாக அது இருக்க வேண்டும்.

உடல் பகுதியின் தகரம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. முன்பக்கம் முழுவதும் தூக்கித் திறக்கும் பானெட்டும், நான்கு கதவுகளும் துளையில்லாமல் இருக்கின்றன. சிக்கல் அடியில்தான். சேசிஸின், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டத்தின், நடுவில் ஓடும் இரண்டு பெரிய சட்டங்களும் தட்டிப் பார்த்தால் கனமான ஒலி தருகின்றன. ஆனால் அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளில் சில, துரு பிடித்து விரலால் அழுத்தினாலே உதிர்கின்றன. பின்பக்க டிக்கியின் அடியிலும் அதே நிலைதான். 948 சிசி எஞ்சின் இறுகிப்போய்ச் சுழல மறுக்கிறது.

எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில், ஒரு பழைய மாருதி ஜிப்ஸியை வாங்கி, அதன் சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஹெரால்டின் உடலை மேலே ஏற்றிவிடலாம் என்கிறார்கள். ஜிப்ஸியின் சக்கர இடைவெளி (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) 2375 மி.மீ., ஹெரால்டினுடையது 2324 மி.மீ.; வித்தியாசம் 51 மி.மீ. மட்டுமே என்பதால் வேலை எளிது என்பது அவர்கள் வாதம். மற்றொருவர், பழைய சேசிஸை வைத்துக்கொண்டு ஜிப்ஸியின் எஞ்சினை மட்டும் பொருத்தச் சொல்கிறார். மின்சார வண்டியாக மாற்றிவிடலாம் என்று என் மகள் சொல்கிறாள். இந்த மூன்றில் எந்த வழியில் போவது, எந்தப் பாகங்களை எங்கிருந்து எடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கரூர் பாடிகட்டுநர்

ஐயா, வணக்கம். நான் கரூரில் பேருந்துகளுக்கு உடல் கட்டும் தொழிலில் இருப்பவன். சேசிஸ் மீது உடலை ஏற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை என்பதால், முதல் யோசனையைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: ஜிப்ஸி சேசிஸ் வேண்டாம்.

சக்கர இடைவெளி நெருங்கி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு சேசிஸ் பொருந்துமா என்பதை அந்த ஓர் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஹெரால்டின் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஏறத்தாழ 1220 மி.மீ.; ஜிப்ஸியின் பிந்தைய வகையான ஜிப்ஸி கிங்கில் அது சுமார் 1300 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 40 மி.மீ. சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அதுவும் 13 அங்குலச் சக்கரத்துக்கு வெட்டிய வளைவுக்குள் 15 அங்குலச் சக்கரம். அடுத்து உயரம். ஜிப்ஸியின் இரு சட்டங்களும் அச்சுகளுக்கு மேலாக, பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஹெரால்டில் பயணியின் கால் சேசிஸின் நடுச்சட்டத்துக்குப் பக்கத்தில், சட்டத்தின் மட்டத்திலேயே கீழே இறங்கி இருக்கும். ஜிப்ஸி சேசிஸ் மீது அதே தரையை வைத்தால், ஒன்று வண்டி முழங்கால் உயரத்துக்கு எழும்பும், அல்லது தரையை வெட்டி எடுத்துவிட்டு இருக்கைகளைக் கூரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும். முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பும், பல்சட்ட (ரேக் அண்ட் பினியன்) ஸ்டியரிங்கும், 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் அந்த வண்டியின் பெரிய சிறப்பும் போய், முன்னால் முழு அச்சுள்ள ஒரு வண்டி மிஞ்சும். அதன் மேல் இருப்பது ஹெரால்டின் தகரம் மட்டும்தான்.

உங்கள் சேசிஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு நம்பிக்கைதான் வந்தது. ஹெரால்டு சேசிஸ் மீன்முள் போன்றது. நடுவெலும்பு உறுதியாக இருந்தால் பக்க முட்களைப் புதிதாக வைக்கலாம். அந்தப் பக்கக் கைகள் மழைநீரும் சேறும் தங்கும் இடம் என்பதால் முதலில் அரிப்பது அவைதாம். நடுச்சட்டம், குறிப்பாகப் பின்னால், எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் தொங்கும் இடமும், முன்னால் சஸ்பென்ஷன் கோபுரங்கள் போல்ட்டுகளில் நிற்கும் இடமும், பின்சக்கரத்தை முன்னிழுத்துப் பிடிக்கும் தண்டுகள் மாட்டும் இடமும் கெடாமல் இருந்தால், அந்தச் சேசிஸைக் கைவிடக் காரணமே இல்லை.

செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உடலைக் கழற்றுவதற்கு முன்பே, ஒவ்வொரு கதவு வாசலிலும் குறுக்காக இரும்புக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். இந்த வண்டியில் உடலுக்குத் தனி உறுதி மிகக் குறைவு. முன்பாதியும் பின்பாதியும் போல்ட்டுகளால் சேர்ந்தவை. குழாய் வைக்காமல் தூக்கினால் நடுவில் மடங்கி, அப்புறம் எந்தக் கதவும் மூடாது.

சேசிஸைத் தனியாக எடுத்ததும் நான்கு தாங்கிகளின் மேல் வைத்து ரசமட்டம் பாருங்கள். பிறகு சஸ்பென்ஷன் மாட்டும் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளியைச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் குறியுங்கள். சேசிஸை அகற்றிவிட்டுத் தரையில் உள்ள புள்ளிகளை மூலைக்கு மூலை அளந்தால், சட்டம் வளைந்திருக்கிறதா, ஒரு பக்கம் ஓடியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மூலைவிட்ட அளவுகள் இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால், துருவை விட்டுவிட்டு முதலில் அதை நேராக்குங்கள்.

கைகளை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டக்கூடாது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி வெட்டிப் பொருத்த வேண்டும். பற்றவைப்பும் நீளமாக ஒரே கோடாகப் போகாமல், சிறிது சிறிதாக இடம் மாற்றிப் போக வேண்டும். இல்லையென்றால் சூட்டில் நடுச்சட்டம் இழுத்துக்கொள்ளும். புதிய தகரத்தின் கனத்தை, நல்ல நிலையில் உள்ள பழைய இடத்தில் வெர்னியரால் அளந்து அதே கனத்தில் எடுங்கள். உறுதிக்காக இரு மடங்கு கனத்தில் வைத்தால் வளைவுத் திறன் மாறி, பழைய தகரமும் புதிய தகரமும் சேரும் இடத்தில் விரிசல் விடும். இதைப் பேருந்துகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டப்படி வண்டி

கரூர் நண்பர் சொன்ன அதே முடிவுக்கு வேறொரு வழியிலும் வரலாம் என்பதால் இதை எழுதுகிறேன். சேசிஸ் எண்தான் உங்கள் வண்டியின் சட்டப்படியான அடையாளம். ஜிப்ஸி சேசிஸ் மீது ஹெரால்டு உடலை ஏற்றினால், பதிவுப் புத்தகத்தின்படி அது உடல் மாற்றப்பட்ட ஜிப்ஸி ஆகிவிடும். உங்கள் அப்பாவின் வண்டி தாள்களில் இல்லாமலே போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி ஒரு வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் ஒப்புதல் பெற்ற கருவிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ஆகவே ஜிப்ஸி எஞ்சினைப் பழைய சேசிஸில் வைக்கும் இரண்டாவது வழிக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். வேலையை முடித்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். அனுமதி மறுக்கப்பட்டால் இழப்பு பட்டறைக்கு இல்லை, உங்களுக்குத்தான். விபத்து ஏற்பட்டால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் எஞ்சின் எண்ணைப் பற்றியதாகவே இருக்கும்.

உங்கள் வண்டிக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்து, 'விஏ' எழுத்துகள் கொண்ட எண்ணைப் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாரந்தோறும் கோவை செல்வது உங்கள் நோக்கம் என்பதால் அந்தப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. வழக்கமான பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதே வழி. இருந்தாலும், பிற்காலத்தில் விண்டேஜ் பதிவுக்குப் போகும் வாசலை அடைக்காமல் வைத்திருப்பது நல்லது. அசல் சேசிஸும் அசல் எஞ்சினும் இருந்தால் அந்த வாசல் திறந்தே இருக்கும்.

கவன்ட்ரித் தமிழன்

ஹெரால்டு பிறந்த ஊரான இங்கிலாந்தின் கவன்ட்ரியில் வசிப்பவன் என்ற முறையில் பாகங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்த வண்டி தனிச் சேசிஸோடு வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. சேசிஸும் உடலும் ஒன்றான முழுக்கூட்டைச் செய்து தர ஆள் கிடைக்காததால், துண்டு துண்டாகச் செய்து தனிச் சேசிஸில் முடுக்கக்கூடிய வண்டியை இத்தாலிய வடிவமைப்பாளர் மைக்கேலொட்டி வடிவமைத்தார். அது 1959-இல் வெளிவந்தது. அன்றைய அந்த நெருக்கடியால்தான் இன்று உங்களால் உடலைத் தனியாகத் தூக்கி அடியைச் செப்பனிட முடிகிறது.

இதே சேசிஸ் குடும்பத்தில் வைடெஸ், ஸ்பிட்ஃபயர், ஜிடி6 ஆகிய கார்களும் வந்தன. அதனால் பாகங்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று எல்லாம் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. முழுச் சேசிஸ் வாங்கலாம் என்று யாராவது ஸ்பிட்ஃபயர் சேசிஸைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அதன் சக்கர இடைவெளி 83 அங்குலம்தான். அதில் பக்கச் சட்டங்களும் இல்லை, அந்த வேலையை உடலின் கீழ்விளிம்புகளே செய்கின்றன. வைடெஸின் சேசிஸ் நீளத்தில் பொருந்தும் என்றாலும், நடுச்சட்டம் நன்றாக இருக்கும்போது அது உங்களுக்குத் தேவையில்லை. பக்கக் கைகள், பக்கச் சட்டங்கள், டிக்கியின் அடியில் வரும் பின்கைகள் ஆகியவை தனித்தனியாகப் புதிதாகவே விற்கப்படுகின்றன. நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் மட்டுமே செய்யப்பட்டது என்பதால், உடலைப் பிடிக்கும் போல்ட் துளைகளை உங்கள் வண்டியில் அளந்து, படம் எடுத்து அனுப்பி, ஒத்துப்போகிறதென்று உறுதியான பிறகே வாங்குங்கள். கதவு சம்பந்தப்பட்ட எதுவும் இங்கே கிடைக்காது. அவற்றைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள்.

அடுத்து, முன்சக்கரங்களின் கீழ்முனையில் இருக்கும் டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்கு எல்லாவற்றுக்கும் முன்பாகப் பணம் ஒதுக்குங்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி, மரையோடு அதற்குள் இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது ஈபி90 கியர் எண்ணெய். கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸை அடைத்தால் அது மரையின் அடிவரை இறங்காது. உள்ளே நீர் புகுந்து தண்டு துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து சக்கரம் மடிந்து விழும். பல ஆண்டுகள் நின்ற வண்டி என்பதால் இரு பக்கத் தண்டுகளையும் டிரன்னியன்களையும் புதிதாகவே வாங்குங்கள். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாற்றி வாங்கிவிட வேண்டாம்.

முன்பக்கம் டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால், ஹெரால்டின் பிந்தைய வகையான 13/60 அல்லது ஸ்பிட்ஃபயரின் பிரேக்கைத் தண்டு, ஹப், டிஸ்க், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாக எடுங்கள். ஒன்று இங்கும் ஒன்று அங்கும் வாங்கிச் சேர்ப்பதில் பணம்தான் விரயம். தண்டுகளை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்பதால், இந்த முடிவை அப்போதே எடுத்துவிட்டால் இரட்டைச் செலவைத் தவிர்க்கலாம்.

பின்பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. சக்கரங்கள் டிஃபரன்ஷியலின் பக்கத்திலிருந்து ஊஞ்சலாடும் இந்த அமைப்பில், வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து பின்பகுதி தூக்கிக்கொள்ளும். 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல், குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் தகடுகளைப் பெரும்பாலும் நடுவில் தனியாக அசையும்படி மாற்றி இதைச் சரிசெய்தார்கள். அந்த ஸ்பிரிங்கை ஹெரால்டிலும் மாட்டலாம். ஆனால் அதோடு முன்பக்க ஆண்டி-ரோல் பாரையும் (வண்டி சாயாமல் தடுக்கும் தண்டு) கனமானதாக மாற்றியே ஆக வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும். சென்னையிலும் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார்கள். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஊஞ்சல் அச்சை விட்டுவிட்டு முழு அச்சையே வைத்தார்கள். கெசல் அச்சு கிடைத்தாலும், உங்கள் சேசிஸில் புதிதாகப் பிடிமானங்களைப் பற்றவைக்க வேண்டியிருக்கும் என்பதால், நான் ஸ்பிரிங் மாற்றத்தையே பரிந்துரைப்பேன்.

எஞ்சினைப் பற்றிச் சட்டம் அறிந்த நண்பர் சொன்னதை மதிக்கிறேன். ஒருவேளை அனுமதி கிடைத்தால், ஊசி வழியே எரிபொருள் பாய்ச்சும் (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) 80 குதிரைத்திறன் ஜிப்ஸி எஞ்சினைத் தவிர்த்து, கார்பரேட்டர் உள்ள 60 குதிரைத்திறன் எஞ்சினைத் தேடுங்கள். கணினிப் பெட்டியும் அதன் வயர்களும் இல்லாமல் வேலை எளிது. ஸ்பிட்ஃபயரும் ஏறத்தாழ அதே திறனை இந்த வகை டிஃபரன்ஷியலிலேயே ஓட்டியது; அதற்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. விகிதமும் சரியாகவே அமையும். 948 சிசி ஹெரால்டின் 4.875:1 டிஃபரன்ஷியலோடு 80 கி.மீ. வேகத்தில் நேர்க் கியரில் (நான்காவது கியரில்) எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3600 சுற்றுகள் சுழலும். ஜிப்ஸியின் ஐந்தாவது கியர் அதை 2900 அளவுக்கு இறக்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜிப்ஸியில் ஸ்பீடோமீட்டர் வயரைச் சுழற்றும் பல், நான்குசக்கர இயக்கத்துக்கான தனிப்பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டால் ஸ்பீடோமீட்டருக்கு வேறு வழி தேட வேண்டும்.

மின்னோட்டம்

மகளின் யோசனையை யாரும் தொடாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 800 கிலோ எடையுள்ள இந்த வண்டி மின்சாரத்துக்கு மிகவும் ஏற்றது. 15 கிலோவாட்-மணி பேட்டரியில் 100 கி.மீ.க்கு மேல் போகும். ஆனால் நம் நாட்டில் பெட்ரோல் வண்டியை மின்வண்டியாக மாற்றும் கருவித்தொகுப்பு ஏஐஎஸ்-123 என்ற இந்திய வாகனத் தரப்படி சோதித்து ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அந்த ஒப்புதலும் குறிப்பிட்ட வண்டி வகைகளுக்கே பொருந்தும். தனியே மோட்டாரும் பேட்டரியும் வாங்கிப் பொருத்தி, பிறகு பதிவு செய்துவிடலாம் என்று இறங்க வேண்டாம். உங்கள் வகைக்கு ஒப்புதல் பெற்ற தொகுப்பு கையில் கிடைக்கும்வரை எஞ்சினைக் கழித்துக்கட்டாதீர்கள்.

ஈரோடு ஹெரால்டு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜிப்ஸி சேசிஸ் யோசனையை முற்றாகக் கைவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் சேசிஸைச் செப்பனிடுவதும், டிரன்னியன், பிரேக், பின் ஸ்பிரிங் ஆகியவற்றை மாற்றுவதும் பொது என்பதால், அவற்றை முதலில் முடிக்கிறேன். 948 சிசி எஞ்சினையும் கழற்றித் திறந்து பார்க்கப் போகிறேன். இன்று சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. பழைய எஞ்சின் திரும்பக் கிடைத்தால், இன்றைய பெட்ரோலுக்கு அதில் என்ன மாற்றம் தேவை? சேசிஸ் எண் பொறித்த தகடு இருக்கும் பக்கத்திலேயே சிறிது துரு இருக்கிறது. அதை எப்படிக் கையாள்வது?

கரூர் பாடிகட்டுநர்

எஞ்சின் தலையைத் திறந்தவுடன் வால்வு உட்காரும் வளையங்களைப் பாருங்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தவை. 2000-ஆம் ஆண்டு முதல் நாட்டில் அது விற்கப்படுவதில்லை. ஈயம் இல்லாமல் ஓடும்போது வார்ப்பிரும்பு மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்காவது கடினப்படுத்திய எஃகு வளையம் போடச் சொல்லுங்கள். லேத் பட்டறைகளுக்கு இது பழக்கமான வேலைதான். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும் என்பதால், டாங்கிலிருந்து கார்பரேட்டர் வரையுள்ள குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் புதிதாகப் போடுங்கள்.

தகட்டைப் பொறுத்தவரை, அதைப் பெயர்த்து வேறு இடத்தில் வைக்கவே கூடாது. துருவைத் தொடுவதற்கு முன்பே எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, பென்சிலால் தாளில் தேய்த்து அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் பதிவுப் புத்தகத்தையும் கொண்டுபோய் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, அந்தப் பகுதியில் செய்யப்போகும் வேலையை எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர் கையொப்பமிட்ட நகலை வாங்கிய பிறகு வெல்டிங் வேலையைத் தொடங்குங்கள். உடலைத் தூக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால், கதவு வாசல் குழாய்களை எந்த இடத்தில் வைப்பது என்று படம் வரைந்து இங்கேயே போடுகிறேன்.